படிக்கட்டுச் சுவரில் நாலு கண்ணாடி

இதில் வரும் நேரங்கள் எல்லாம் சரியானவை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் நோட்டு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எது நடந்தாலும் முதலில் மணியைப் பார்ப்பேன். பயப்படுவது, அழுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். பேய் இருக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொல்லப்போவதை என் அக்காவும் கண்ணால் பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரரும் பார்த்தார். சுவரில் அந்தச் சாந்து இன்னும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

நான் மட்டும் தொடுவதில்லை.

பகலில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை. மூன்றாவது மாடி, நாலு மேசை, ஒரு போன். ஆங்கிலத்தில் வரும் கடிதங்களையும் கையேடுகளையும் பிரெஞ்சுக்கு மாற்றுவோம். திங்கள், புதன் மாலைகளில் எனக்கு பிரெஞ்சு வகுப்பு, ஆறரையிலிருந்து எட்டரை வரை. அந்த மொழியில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. எந்த மொழியிலும் வரவில்லை என்பாள் அக்கா.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மொழிபெயர்க்கும்போது ஒரு சொல் புரியவில்லை என்றால் அதை ஒரு மஞ்சள் தாளில் எழுத வேண்டும். எந்தப் பக்கம், என்ன சொல், நம் யூகம் என்ன, ஏன் சந்தேகம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். அதில் வாடிக்கையாளர் பதில் எழுதி அனுப்புவார். பதில் வந்த பிறகுதான் வேலை வெளியே போகும். பிழை பார்ப்பவர் ஒரு அண்ணன். ஒரே ஒரு கமாவுக்காக அரை நாள் ஒரு கோப்பை நிறுத்தி வைத்தவர் என்பதால் அவருக்குக் கமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. "மஞ்சள் தாள் இல்லாம போற மொழிபெயர்ப்பு பிரேக் இல்லாத சைக்கிள்" என்பார் அவர்.

அதற்கு முந்தைய மாதம் நான் செய்த ஒரு கோப்பில் முப்பத்தொரு சந்தேகங்கள் இருந்தன. முதலாளியம்மா தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"ஏம்மா, வேலையை விட சந்தேகம் நீளமா இருக்கே! இதையே புத்தகமாப் போட்டுடலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கமா அண்ணன்கூட. நானும் சிரித்தேன். அன்றிரவு நோட்டில் எழுதினேன்: "அடுத்த கோப்பு. மஞ்சள் தாளே இருக்கக் கூடாது."

அடுத்து வந்தது ஒரு பழைய கட்டடத்தின் அறிக்கை. நாற்பத்திரண்டு பக்கம். மூன்று மாடி, நடுவில் ஒரு பெரிய படிக்கட்டு. அதைப் பழுதுபார்க்கப் போகிறார்கள். பொறியாளர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வேலை செய்யும் ஆட்கள் பிரெஞ்சு பேசுகிறவர்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பட்டியல். படிக்கட்டுச் சுவரில் என்னென்ன இருக்கின்றன என்று. பூ வேலை செய்த வட்டங்கள், இரண்டு. கண்ணாடிச் சட்டம், ஒன்று. அதற்குக் கீழே...

டெல்-டேல். கண்ணாடி. நாலு.

வேறு விளக்கம் எதுவும் இல்லை. கட்டடக்காரர்களுக்குத் தெரிந்த சொல்லை யார் விளக்கப் போகிறார்கள்?

மூன்று அகராதிகள் பார்த்தேன். முதலாவதில், அடுத்தவரைப் பற்றி ஆசிரியரிடம் போட்டுக்கொடுக்கும் பிள்ளை. இரண்டாவதில், கப்பலில் ஏதோ ஒரு கருவி. மூன்றாவதில் சொல்லே இல்லை. கோள் சொல்லும் பிள்ளையைக் கண்ணாடியில் செய்து சுவரில் ஒட்டுவார்களா? மஞ்சள் தாளை எடுத்தேன். பக்கம் 19. சொல்லை எழுதினேன். யூகம்: அலங்காரக் கண்ணாடிப் பட்டை. ஏன் சந்தேகம்: "பட்டியலில் மேலே இருப்பவை அலங்காரங்கள், அதனால் இதுவும் அலங்காரம் என்று நினைக்கிறேன். வேறு ஆதாரம் இல்லை."

வேறு ஆதாரம் இல்லை. என் கையால் எழுதியது.

பிறகு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரே ஒரு சந்தேகம். இது ஒன்று மட்டும் இல்லாவிட்டால்... குறுக்காகக் கிழித்தேன். குப்பைக்கூடையில் போட மனம் வரவில்லை. இரண்டு பாதிகளையும் என் நோட்டின் பின்னட்டைப் பைக்குள் செருகினேன். இருபத்துமூன்றாம் பக்கத்தில், பூச்சு வேலைக்கு முன் படிக்கட்டுச் சுவரின் அலங்காரங்களை எல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதையும் அழகாக மொழிபெயர்த்தேன்.

"பார்த்தீங்களா? வளர்ந்துட்டா" என்றார் முதலாளியம்மா.

கமா அண்ணன் மட்டும் கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சளே இல்லையா? கட்டட வேலையில?"

"இல்லண்ணே."

"சரி. மழை வரும்போல."

கோப்பு போய் ஆறு நாள் கழித்து, பதினேழாம் தேதி, திங்கட்கிழமை. மாலை 4.52. போன் அடித்தது. திரையில் தெரிந்த எண்ணின் கடைசி நாலு இலக்கம் 4471. குறித்துக்கொண்டேன்.

பிரெஞ்சில் ஒரு ஆண் குரல். அவர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன். பின்னால் சுத்தியல் சத்தம். பேச்சுக்கு நடுவே வறட்டு இருமல்; தூசி குடித்த இருமல்.

"நான் இங்க கொத்தனார். இந்தப் பத்தொன்பதாம் பக்கம் யார் எழுதினது?"

"நான்தான். சொல்லுங்க."

"படிக்கட்டுச் சுவர்ல நாலு கண்ணாடி. அலங்காரம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"படிக்கட்டுக்கு அடியில இருக்கிற போன்லேருந்துதான் பேசறேன். கண்ணுக்கு நேரா தெரியுது. எனக்கு அலங்காரமாத் தெரியலையே. அது வந்து, நாங்க அதை..."

அடுத்த மேசையில் முதலாளியம்மா தலையைத் தூக்கினார். "யாரும்மா? புகாரா?"

நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன், இல்லை என்று. போனில் அவசரமாகச் சொன்னேன். "எல்லாம் சோதிச்சு அனுப்பினதுதாங்க."

இருமல்.

"மேஸ்திரி பேப்பர்ல இருக்கிறதத்தான் கேட்பார். அதனாலதான் கேக்கறேன். அந்த வரியில உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்ததா?"

"இல்ல. சந்தேகமே இல்ல."

"அப்ப சரி."

வைத்துவிட்டார். 4.54. நோட்டில் "அழைப்பு. ஒன்றுமில்லை" என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அன்று மாலை வகுப்பில் வாய்மொழித் தேர்வு. என் முறைக்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஒரு சத்தம்.

டிக்.

மெல்லிய சத்தம். செருப்புக்கு அடியில் கண்ணாடி நொறுங்குமே, அப்படி. ஆனால் காதுக்குள்ளேயே கேட்டதுபோல் இருந்தது. தரையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். "என்ன சத்தம்? உனக்குப் பரீட்சை பயம்" என்றாள். மணி பார்த்தேன். 7.40.

வீட்டுக்கு வந்தது 9.05க்கு. நானும் அக்காவும் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு சமையலறை, ஒரு நடை, இரண்டு சின்ன அறை. அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நடையில் மின்விளக்குச் சுவிட்சுக்கு மேலே ஒரு பழைய விரிசல். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இருக்கிறது.

அந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு துண்டுக் கண்ணாடி ஒட்டியிருந்தது.

விரல் நீளம், விரல் அகலம். இரண்டு முனையிலும் வெள்ளைச் சாந்து அப்பியிருந்தது. கண்ணாடியின் மேல் பென்சிலால் எண் எழுதியிருந்தது. 17. ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

"அக்கா, யார் வந்தா?"

"யாரும் வரல. ஏன்?" வந்து பார்த்தாள். "இது என்னடி? நீ ஒட்டினியா?"

"நான் இப்பதானே வர்றேன்."

"அப்ப வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருப்பார். வாடகைய ஏத்தப் போறார், அதுக்குத்தான் இந்த ஜோடனை. நீ போய்க் கை கழுவு."

சாந்தைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்தேன். சுண்ணாம்பு வாசனை.

அக்கா வீட்டில் இருந்தது ஆறு மணியிலிருந்து. கதவு உள்ளே தாழ்ப்பாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. 7.30க்கு நடையில் குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி தலைக்கு மேலே. சாந்து காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரே நாளில் அப்படிக் காயுமா என்று எனக்குத் தெரியாது.

டிக்.

நிமிர்ந்தேன். கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு. மேலிருந்து கீழே, மயிரிழை போல. யாரும் தொடவில்லை. 7.40.

"அக்கா..."

"என்ன?" சமையலறையிலிருந்து குரல் வந்தது. பிறகு அவளே கூப்பிட்டாள். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. "இங்க வாயேன்."

சமையலறை ஜன்னலுக்குக் கீழே இன்னொரு கண்ணாடி. அதே நீளம். அதே சாந்து. அதிலும் 17.

"நான் இங்கதான்டி நின்னுட்டிருந்தேன். அரை மணி நேரமா. இது இல்ல. சத்தியமா இல்ல."

நான் நோட்டை எடுத்தேன். அக்கா என்னையே பார்த்தாள். "எமன் வந்து வாசல்ல நின்னாலும் நீ மணி குறிச்சிட்டுத்தான் போவ. மணிக்கூண்டு!"

சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

புதன் காலை அக்கா வீட்டுக்காரரை அழைத்து வந்தாள். அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "நான் யாரையும் அனுப்பலம்மா. ஆனா ஒட்டினவன் தொழில் தெரிஞ்சவன். பாருங்க, ஒரு சொட்டு சாந்துகூடக் கீழ விழல."

அலுவலகத்தில் கமா அண்ணனிடம் கேட்டேன். அறிக்கையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "விரிசல் மேல கண்ணாடி ஒட்டுவாங்களாண்ணே? எதுக்கு?"

"தெரியலையே. என் மச்சினன் கட்டட வேலைதான். கேட்டுச் சொல்றேன். ஏன், வீடு கட்டறியா?"

அன்று வகுப்பில் 7.40க்கு மறுபடியும் அந்தச் சத்தம். டிக். வீட்டுக்கு வந்தபோது சமையலறைக் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது கண்ணாடி என் அறைக் கதவு நிலையின் பக்கத்தில். 17.

கதவுப் பிடியில் வெள்ளைத் தூசி. நாலு விரல், ஒரு கட்டை விரல். என் கையை விடப் பெரிய கை.

நடையிலிருந்து சமையலறை. சமையலறையிலிருந்து என் கதவு.

அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

வியாழன் மாலை 5.00. கமா அண்ணன் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு காகிதம்.

"மச்சினன் சொன்னான். சுவர்ல விரிசல் இருந்தா, அது இன்னும் நகருதா, நின்னுடுச்சான்னு பார்க்கக் குறுக்கால கண்ணாடி ஒட்டுவாங்களாம். தேதி எழுதி வெப்பாங்களாம். தினமும் காலைல போய்ப் பார்க்கணும். உடைஞ்சிருந்தா சுவர் நகருதுன்னு அர்த்தம். உடனே எல்லாரையும் வெளியே அனுப்பிடணும். கண்ணாடிதான் முதல்ல சொல்லுமாம், அப்புறம்தான் சுவர் விழும்." காகிதத்தைப் பார்த்தார். "பிரெஞ்சில தெமுவான், சாட்சின்னு அர்த்தம். இங்கிலீஷ்ல பேரு தமாஷா இருக்கு. டெல்-டேல்."

நான் நோட்டின் பின்னட்டையை அழுத்திப் பிடித்தேன்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே."

அப்போதே அந்த எண்ணுக்குப் போன் செய்திருக்க வேண்டும். போன் கை எட்டும் தூரத்தில் இருந்தது. முதலாளியம்மா தன் மேசையில் உட்கார்ந்து ஒரு புதிய வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க பொண்ணு ஒருத்தி இருக்கா, ஒரு சந்தேகம் இல்லாம முடிப்பா." எனக்குக் கேட்டது. நாளைக் காலை முதல் வேலையாகச் செய்துவிடலாம் என்று நினைத்தேன். இத்தனை நாளில் விழாத சுவர் ஒரு ராத்திரியிலா விழும்?

நான் அப்படித்தான் நினைத்தேன். மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தது 6.15க்கு. அக்காவுக்கு அன்று கடையில் இரவு ஒன்பது வரை வேலை. எல்லா விளக்கையும் போட்டேன். என் கட்டிலில் உட்கார்ந்து கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கண்ணாடி முழுசாக இருந்தது.

7.20. ஒன்றுமில்லை.

7.31. நடையில் சுண்ணாம்பு வாசனை.

7.36. வெளியே படிக்கட்டில் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல்.

எனக்குத் தெரிந்த இருமல்.

7.38. இருமல் நின்றுவிட்டது. வாசல் கதவு திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் நடையில்... ஏதோ உரசும் சத்தம்.

சர்க்... சர்க்...

சட்டியில் கரண்டி உரசும் சத்தம். சாந்து குழைக்கும் சத்தம்.

நோட்டைத் திறந்து மணியை எழுதினேன்.

7.40.

டிக்.

என் கண் முன்னால் மூன்றாவது கண்ணாடி பிளந்தது.

அந்த நிமிடமே என் கைபேசி அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். கடைசி நாலு இலக்கம்...

4471.

என் கைபேசி எண் எங்கள் அலுவலகத் தாளில் எங்கும் கிடையாது.

எடுத்தேன்.

தூசி உதிரும் சத்தம். மூச்சு. பிறகு அந்தக் குரல். மிகவும் பொறுமையாக.

"அந்த வரியில உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்ததா?"

கழுத்தின் பின்னால் ஏதோ குளிர்ந்தது. திரும்பினேன்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவர்.

அதில் விரிசலே கிடையாது.

நாலாவது கண்ணாடி.

ஈரச் சாந்து. 17.

"ஏதாவது சந்தேகம்..."

"இருந்தது," என்றேன். பிரெஞ்சில் சொன்னேனா, நம் பேச்சில் சொன்னேனா, தெரியாது. "இருந்தது. எழுதி வெச்சிருந்தேன். நான்தான் கிழிச்சேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை.

பிறகு...

"அப்ப சரி."

அவ்வளவுதான். 7.43.

நாலாவது கண்ணாடி உடையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 8.30. அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. 4471க்குப் போட்டேன். இந்த இணைப்பு வேலை செய்யவில்லை என்று பதிவு செய்த குரல் வந்தது. கோப்பில் மேஸ்திரியின் கைபேசி எண் இருந்தது. அதற்குப் போட்டேன்.

"படிக்கட்டுச் சுவர்ல இருக்கிற நாலு கண்ணாடி அலங்காரம் இல்லீங்க," என்று ஒரே மூச்சில் சொன்னேன். "கழட்டாதீங்க. யாரையும் அங்க விடாதீங்க."

மேஸ்திரி நம் பேச்சிலேயே கேட்டார்.

"நீங்க யாரு?"

சொன்னேன்.

"திங்கக்கிழமையே விழுந்துடுச்சும்மா. ராத்திரி ஏழே முக்கால் இருக்கும். இல்ல, அதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி."

"யாராவது..."

"எங்க கொத்தனார். ஒருத்தர்தான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"4471..."

"அது படிக்கட்டுக்கு அடியில இருந்த போன். அதுவும் இடிபாட்டுக்குள்ள கிடக்கு. திங்கள்லேருந்து அந்த லைன் செத்துப் போச்சு. ஏன் கேக்கறீங்க?"

அவரே தொடர்ந்தார். விசாரணை நடக்கிறதாம். கம்பெனிக்காரர்கள், தாளில் அலங்காரம் என்று இருந்தாலும் கொத்தனார் யாரையும் கேட்காமல் கண்ணாடியைக் கழற்றினார், அதனால் வந்த வினை என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம்.

"அவர் தம்பியும் எங்ககிட்டதான் வேலை செய்யறான். அண்ணன் தொழில் தெரியாம செத்தான்னு பேரு வந்துட்டா, அந்தப் பையன் எந்தச் சாரத்துல ஏறுவான்? ஆனா நான் என்ன பண்ண? பேப்பர் என் கையில இருக்கு, அதுல அலங்காரம்னு தெளிவா இருக்கு. உங்க ஆஃபீஸ்ல கேட்டு, சந்தேகமே இல்லைன்னு சொன்னாங்கன்னு அவர்தான் என்கிட்ட சொன்னார். அதை இப்ப யார் நம்புவா? அவர் இல்லையே."

9.10க்கு முதலாளியம்மா வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. வேலையில் நடந்ததை மட்டும். அவர் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தத் தாள் எங்க?"

நோட்டின் பின்னட்டைப் பையில் கையை விட்டேன். இந்த நோட்டு என் கையை விட்டு எங்கும் போனதில்லை. தூங்கும்போதும் தலையணைக்கு அடியில்தான்.

இரண்டு பாதியாகச் செருகிய தாள் ஒன்றாக வந்தது.

கிழிசலுக்குக் குறுக்கே, விரல் அகலத்துக்கு, காய்ந்த வெள்ளைச் சாந்து.

முதலாளியம்மா அதைப் பார்த்தார். "இதை எதால ஒட்டின?" என்றார். நான் ஒட்டவில்லை என்று சொல்லவில்லை. கமா அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜோக் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா," என்றார் முதலாளியம்மா கடைசியில், "அன்னிக்கு நான் சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னேன்..."

"தெரியும் மேடம். தப்பு உங்களது இல்ல."

அடுத்த வாரம் விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். அக்கா கூடவே வந்தாள். அதிகாரியின் மேசையில் மஞ்சள் தாளையும் நோட்டையும் வைத்தேன். 4.52. 4.54. "அழைப்பு. ஒன்றுமில்லை." அவர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். என் எதிரில் கொத்தனாரின் தம்பி உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். அவன் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொத்தனார் மேல் தவறில்லை என்று எழுதினார்கள். என் வேலை போகவில்லை. நானே விட்டுவிட்டேன். வகுப்புக்கு மட்டும் போகிறேன்.

அன்று வெளியே வந்தபோது மேஸ்திரி வராந்தாவில் நின்றிருந்தார். என்னிடம் பேச வருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றார். "அன்னிக்கு நான் சொன்னதும் அவர் கழட்டிட்டார். பழைய கண்ணாடி நாலையும் கையோட குப்பையில கொட்டியாச்சு. ஆனா மனசு கேக்கல அவருக்கு. ஆறு மணிக்கு எல்லாரும் போனப்புறம், புதுசா நாலு துண்டுக் கண்ணாடி வெட்டினார். என் கண் முன்னாடி உட்கார்ந்து நாலுலயும் பென்சிலால தேதி போட்டார். 'ஒரு ராத்திரி ஒட்டி வெச்சுப் பார்த்துடறேன் மேஸ்திரி, காலைல உடையாம இருந்தா நீங்க சொன்னதே சரி'ன்னு சட்டியில சாந்து குழைச்சு எடுத்துக்கிட்டு உள்ள போனார்."

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நாலு நாள் தோண்டினோம்மா. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. சட்டி கிடைச்சுது. கரண்டி கிடைச்சுது. அவர் பென்சில்கூடக் கிடைச்சுது." மேஸ்திரி கண்ணைத் துடைத்தார். "கண்ணாடி மட்டும் கிடைக்கல. ஒரு சில்லுகூட இல்ல."

ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவாரா என்று நான் கேட்கவில்லை.

4.52க்கும் 7.40க்கும் இடையில் இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம். அதை எத்தனை முறை கழித்துப் பார்த்தாலும் அதேதான் வருகிறது.

வீட்டை மாற்றலாம் என்று அக்கா சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உடைந்த மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறோம். நாலாவது என் தலைமாட்டில் இருக்கிறது, விரிசல் இல்லாத சுவரில். எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் பார்க்கிறேன். தினமும், காலையில், வேறு எந்த வேலைக்கும் முன்னால்.

இன்று காலை 6.10. முழுசாக இருந்தது.

ஆனால் நேற்றுவரை சுத்தமாக இருந்த சுவரில், கண்ணாடிக்குக் கீழே, மயிரிழை போல ஒரு கோடு.